லயனலிடம் யார் கேட்பது

எங்கள் ஊரில் ஒருவர் "உங்களுக்கு நேரம் இருந்தால் இதை ஒருமுறை பார்க்கலாம்" என்று சொன்னால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உடனே பார்த்தாக வேண்டும் என்று பொருள். "அது சரிப்பட்டு வரக்கூடும்" என்றால் சரிப்பட்டு வராது. "நான் வந்தாலும் வரலாம்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால் அவருக்காகத் தேநீர் போட்டு வைக்காதீர்கள், ஆறிப்போகும். இதையெல்லாம் நான் கரும்பலகையில் எழுதிக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். கோழித் தொழிற்சாலைக்கும் ஸ்ட்ராபெரித் தோட்டங்களுக்கும் வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள், செவ்வாய்க்கிழமை மாலைகளில் லிங்ஃபோர்டு தேவாலயக் கூடத்தில் உட்கார்ந்து என்னிடம் இங்கிலீஷ் படிக்கிறார்கள். கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட், வில், வுட். எல்லாம் குட்டிச் சொற்கள்தான். ஆனால் வாக்கியத்தில் இவற்றில் எதை வைக்கிறோம் என்பதில்தான் இந்த நாட்டில் நம் மரியாதை இருக்கிறது.

என் மகள் இமோஜெனின் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுப்போன பிறகு டாக்டர்களும் எங்களுக்கு இந்தக் குட்டிச் சொற்களைத்தான் தந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு அவளைப் பூட்டி ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். கையில் குழாய் பொருத்திய நரம்புகள் ஒவ்வொன்றாக அடைத்துப்போயின. கடைசியில் கழுத்தில் குழாய் வைத்தார்கள். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இந்த ஏற்பாடு இன்னும் சில காலம் நீடிக்கலாம், நீடிக்காமலும் போகலாம், உயிரோடு இருக்கும் உறவினர் யாராவது ஒரு சிறுநீரகம் தருவதைப் பற்றி யோசித்துப் பார்ப்பது நல்லதாக இருக்கக்கூடும் என்றார். வேறு அம்மாக்கள் அதைக் கேட்டு ஆறுதல் அடைந்திருப்பார்கள். எனக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. அவர் சொன்னது, யாரும் தராவிட்டால் உன் பெண் செத்துப்போவாள் என்பது. இமோஜெனுக்கு அப்போது இருபத்தேழு வயது.

என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் முதலில் போய் நின்றேன். எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இமோஜெனின் அப்பா எங்களை விட்டுவிட்டுப் போர்ச்சுகலில் இரண்டாவது மனைவியோடு இருக்கிறார். அவருக்கே இதயத்தில் ஆப்பரேஷன் ஆகியிருக்கிறது. மிச்சம் இருந்தது என் தம்பி லயனல் மட்டும்தான்.

லயனலுக்கு ஜலதோஷம்கூட வராது. மாவட்டச் சாலைத் துறையில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறான். தேவாலயக் கோபுரத்தில் மணியடிக்கும் குழுவுக்கு அவன்தான் தலைவன். குளிர்காலம் தவறாமல் ரத்தம் கொடுத்துவிட்டு அந்தச் சின்ன வில்லையைக் கோட்டில் குத்திக்கொண்டு வருவான். அவனுடைய ரத்தமும் இமோஜெனின் ரத்தமும் ஒரே வகை. அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், இமோஜெனுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருவான். மூன்று பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டுக்கறி சாப்பிடுவோம்.

ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஊரில் ஒன்றைக் கேட்பதென்றால், எதிரில் இருப்பவர் "முடியாது" என்ற சொல்லை வாயால் சொல்லாமலே மறுத்துவிட வழி வைத்துத்தான் கேட்க வேண்டும். அவருக்குச் சங்கடம் வந்தால் குற்றம் கேட்டவர் மேல். சர்க்கரை கேட்கலாம், புல் வெட்டும் இயந்திரம் கேட்கலாம். உடம்பைக் கிழித்து உள்ளே இருப்பதை எடுத்துக் கொடு என்று எந்த வழி வைத்துக் கேட்பது?

அதனால் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டேன். இமோஜெனுக்கு ஆகாத உப்புச்சத்து போக இரண்டு முறை தண்ணீர் மாற்றி வேகவைத்த உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே, இப்போதெல்லாம் சின்னத் துளை போட்டே சிறுநீரகத்தை எடுத்துவிடுகிறார்களாமே என்று பொதுவாகச் சொன்னேன். ஆமாம், விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் புதினாச் சாற்றை நகர்த்தச் சொன்னான். அடுத்த வாரம், ஒற்றைச் சிறுநீரகத்தோடு மலையேறிய ஒருவரைப் பற்றிச் சொன்னேன். மலையேறுவது ஆபத்தான பொழுதுபோக்கு என்றான். ஒருநாள் ஆஸ்பத்திரியில் கொடுத்த விளக்கப் பிரசுரத்தை அவனுடைய செய்தித்தாளின் நடுவில் செருகி அனுப்பினேன். அடுத்த ஞாயிறு அதை நாலாக மடித்து மேசைமேல் வைத்தான்.

"இதை மறந்து விட்டுட்ட போலிருக்கு, ஹெஸ். உனக்குத் தேவைப்படலாம்."

அவன் தலையில் அந்தக் கிழங்குப் பாத்திரத்தைக் கவிழ்த்திருக்க வேண்டும். "அட, ஆமாம், நன்றி" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். இமோஜென் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படிப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் எழுந்துபோய்ச் சமையலறையில் குழாயைத் திறந்துவிடுவாள். பிறகு என்னிடம், மாமாவை விட்டுவிடு அம்மா என்று ஒருமுறை சொன்னாள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பந்தியில் "எனக்குப் போதும்" என்று சொல்வது மாதிரி அதுவும் ஒரு மரியாதைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் வகுப்பில் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணி கேட்பது எப்படி என்று நடத்தினேன். "ஏணி தருகிறீர்களா" என்பது கீழ்ப்படி. "ஏணி தர முடியுமா" அதற்கு மேல். "உங்களுக்கு இப்போது ஏணி தேவைப்படாமல் இருந்தால், ஒருவேளை நான் அதை எடுத்துக்கொள்ள முடியுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்" என்பது உச்சிப்படி. கோழித் தொழிற்சாலையில் வேலை செய்யும் யோர்தான்கா என்ற பல்கேரியப் பெண் கையைத் தூக்கினாள்.

"ஏணி ஒண்ணுதானே டீச்சர்? நீங்க இவ்ளோ பேசி முடிக்கறதுக்குள்ள நான் மரத்தைப் பிடிச்சே மேல ஏறிடுவேனே."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதே கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வகுப்பைச் சீக்கிரம் முடித்து அனுப்பினேன். யோர்தான்கா மட்டும் நாற்காலிகளை அடுக்குகிற சாக்கில் நின்றாள். இந்த ஊரில் பிறந்த யாரிடமும் சொல்லாததை அவளிடம் கொட்டினேன். அவளுக்கு எல்லாம் சுலபமாகத் தெரிந்தது. என் அண்ணனாக இருந்தால் சட்டையைப் பிடித்து வாங்கியிருப்பேன் என்றாள். அழுத பிள்ளைக்குத்தான் பால், போய் அழுங்கள், சத்தம் போடுங்கள் என்றாள். அவளுக்கு அவள் அண்ணனைத் தெரியும், லயனலைத் தெரியாது. ஆனாலும் அவள் குரலில் இருந்த அந்த உறுதி எனக்குப் பசித்தவளுக்குச் சோறு மாதிரி இருந்தது.

வசந்தம் வந்தபோது இமோஜெனின் கழுத்துக் குழாயில் சீழ் வைத்து ரத்தத்தில் கலந்துவிட்டது. காய்ச்சலில் அவள் பற்கள் அடித்துக்கொண்டன. என்னை அடையாளம் தெரியாமல், மன்னித்துக்கொள்ளுங்கள், உங்களைத் தொந்தரவு செய்கிறேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். சின்ன டாக்டர் ஒருவர் என்னை வெளியே அழைத்தார். இந்தத் தடவை சமாளித்துவிடலாம் என்று நம்புகிறோம், இன்னொரு தடவை வந்தால் அப்படிச் சொல்ல முடியாமல் போகலாம் என்றார். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தன் காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

காரை வீட்டுக்கு ஓட்டவில்லை. நேரே தேவாலயத்துக்கு விட்டேன். புதன்கிழமை மாலை, மணிப் பயிற்சி நடக்கும். கோபுரத்தின் குறுகலான சுழல்படியில் ஏறும்போது தலைக்குமேல் மணிகள் இடித்த இடியில் சுவரே அதிர்ந்தது. மேலே ஆறு பேர் வட்டமாக நின்று கயிறுகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சுற்றிவளைக்காமல் கட்டளை போடுகிற இடம் அது ஒன்றுதான். அங்கே தயவுசெய்து கிடையாது, ஒருவேளை கிடையாது. போடுகிறவன் லயனல். வெளியில் ஒரு நாயைக்கூட அதட்டாதவன், அந்த அறைக்குள் வந்துவிட்டால் தளபதி. "நில்" என்று அவன் ஒரு குரல் கொடுத்தான். ஆறு மணிகளும் நின்றன.

"லயனல்," என்றேன். மூச்சு வாங்கியது. "நீ இமோஜெனுக்கு உன் கிட்னியைக் குடுத்தே ஆகணும்."

தபால் நிலையத்துப் பெண்மணி கயிற்றின் கம்பளிப் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். ஆர்கன் வாசிப்பவர் சுவரில் இருந்த பழைய பலகையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். லயனலின் கழுத்திலிருந்து மேலே மேலே சிவப்பு ஏறியது.

"ஆமா," என்றான். "குடுக்கணும்தான். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்றேன்."

பிறகு மற்றவர்களிடம் திரும்பி, இன்னொரு சுற்று அடித்துவிடலாமா என்று கேட்டான். நான் படியில் உட்கார்ந்து, அந்த இடிக்கு நடுவில் சத்தம் போட்டு அழுதேன். அத்தனை சந்தோஷம். ஊரில் நாலு பேர் பார்க்க ஒருவன் மறுக்க மாட்டான் என்று தெரிந்துதான் அங்கே போனாயா என்று கேட்டால், தெரிந்துதான் போனேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை. உங்கள் பிள்ளை அந்தக் கட்டிலில் கிடந்தால் நீங்களும் கோபுரம் ஏறுவீர்கள்.

கோடை முழுவதும் லயனலைச் சோதித்தார்கள். ரத்தம், சிறுநீர், ஸ்கேன், இதயம். எல்லாவற்றிலும் தேறினான். கேத்லின் என்ற நர்ஸ்தான் இரண்டு பேருக்கும் பொதுவாக எல்லா ஏற்பாட்டையும் பார்த்துக்கொண்டவர். அவர் முதல் நாளே எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து ஒன்றைச் சொல்லியிருந்தார். தருகிறேன் என்றவர், மயக்க மருந்து ஏறுகிற நிமிடம் வரைக்கும் மனம் மாறலாம். அப்படி மாறினால், ஆஸ்பத்திரி குடும்பத்திடம் "அவரால் தர முடியாது" என்று மட்டும் சொல்லும். காரணம் உடம்பா மனசா என்பது வெளியே வராது. நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் தலையாட்டினோம். அதோடு, சட்டப்படி வெளியாள் ஒருவர் வந்து, கொடுப்பவரையும் வாங்குபவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் விசாரிப்பார், யாரும் யாரையும் நெருக்கவில்லை என்று அவருக்குத் திருப்தியாக வேண்டும் என்றார்.

அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது. கோபுரத்தில் அத்தனை சாட்சிகள் இருந்தார்கள். லயனல் பொய் சொல்லிப் பழகாதவன். நான் மென்மையாகத்தான் கேட்டேன் என்று விசாரிக்க வருகிறவரிடம் சொல்லிவிட முடியுமா என்று அவனிடம் கெஞ்சினேன். "பாக்கலாம், ஹெஸ்" என்றான். எங்கள் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பேச்சு குறைந்தது. கறி தட்டிலேயே கிடந்தது. மணியடிக்கப் போவதை நிறுத்திவிட்டான் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். நான் எதையும் கவனிக்கவில்லை. அதாவது, கவனித்தேன், ஆனால் எனக்கு வேண்டியது என் பெண்.

விசாரணை நாளில் நான் வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் கொடுப்பவளும் இல்லை, வாங்குபவளும் இல்லை, எனக்கு அந்த அறையில் இடமில்லை. முதலில் லயனல் போனான், பிறகு இமோஜென், நடுவில் இருவரையும் பக்கத்து அறையில் தேநீரோடு உட்காரவைத்தார்கள், கடைசியில் சேர்த்து அழைத்தார்கள். கதவு மூடும்போதும் திறக்கும்போதும் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். வெளியே வந்த இமோஜென் எல்லாம் நன்றாகத்தான் போனது என்றாள். லயனல் காரை எடுத்து வருகிறேன் என்று முன்னால் போய்விட்டான். வீடு வரைக்கும் சாலையில் தார் போடுகிற வேலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை கேத்லின் ஃபோன் செய்தார். உங்கள் தம்பியால் இதைத் தொடர முடியாது என்று தெரியவருகிறது, ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றார். எந்தச் சோதனையில் என்று கேட்டேன். அதை நான் சொல்லக்கூடாது என்று உங்களுக்குத் தெரியும் என்றார், அன்பாகத்தான். ஃபோனை வைத்தேன். "மாட்டேன்" என்பதன்மேல் "முடியாது" என்ற போர்வையைப் போர்த்தி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் போர்வையை நெய்கிறவளே நான், அதை என்னிடமே விற்கிறார்கள்.

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் இரண்டு தெருவும் நடந்தேன். லயனல் பின்தோட்டத்தில் அவரைக்கொடிகளைக் கம்பில் கட்டிக்கொண்டிருந்தான்.

"உன்னால முடியாதாமே," என்றேன்.

"அப்படித்தான் சொல்லிட்டாங்க," என்றான், கொடியைப் பார்த்தபடி.

"யார் சொன்னது, லயனல்?"

நூலைக் கீழே வைத்தான். கையைக் கால்சட்டையில் துடைத்தான். அவன் ஏதாவது வயிற்றுக் கதை, ரத்தக் கதை சொல்வான், நான் அவனை அங்கேயே கிழித்துப் போடலாம் என்று காத்திருந்தேன்.

"இமோ சொன்னா," என்றான்.

அந்தத் தேநீர் அறையில் நடந்ததை அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவன் கையிலிருந்த கோப்பை தட்டில் பட்டுக் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்ததாம். இமோஜென் அதை வாங்கிக் கீழே வைத்தாளாம். மாமா, நீங்கள் இதைச் செய்தாக வேண்டும் என்று இல்லை, அம்மா சொன்னதற்காகச் செய்ய வேண்டாம், வேண்டாம் என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம், நான் தவறாக நினைக்க மாட்டேன் என்றாளாம்.

"அவ அப்படிச் சொன்னதும் கழுத்துல கிடந்த கயித்தை அவுத்துவிட்ட மாதிரி இருந்துச்சு ஹெஸ். அங்கயே அழுதுட்டேன். அப்பா குடலிறக்கத்துக்குத்தானே உள்ள போனாரு? சின்ன ஆப்பரேஷன்னுதான் சொன்னாங்க. நீ காலேஜ்ல இருந்த. வெளியில நான்தான் உக்காந்திருந்தேன். டாக்டர் வந்து சொன்னப்ப எனக்குப் பதினாலு வயசு."

அப்பா மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. முப்பத்தொன்பது வருடத்தில் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது இதுதான் முதல் தடவை. அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. என் மகள் சாகப்போகிறாள், நீ அவரைக்கொடி கட்டிக்கொண்டிருக்கிறாய் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, இமோஜெனுக்கு இயந்திர நாள். ஜன்னலோர நாற்காலியில் அவளைச் சாய்த்துக் குழாய்களைப் பூட்டிவிட்டு நர்ஸ் நகர்ந்தாள். சுற்றிலும் மற்ற நோயாளிகள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நீதான் மாமாகிட்ட வேணாம்னு சொல்லச் சொன்னியாமே?"

"ஆமாம்மா."

"ஏன்?"

"நீ அவர் செஞ்சே ஆகணும்னு சொன்ன. செய்யலைன்னாலும் பரவாயில்லைன்னு யாராவது ஒருத்தர் சொல்லணும்ல?"

பஸ்ஸில் எழுந்து இடம் விடுகிற மாதிரி உயிரை விட்டுக்கொடுக்கிறதா என்று கேட்டேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், இரண்டு செய்தித்தாள்கள் தாழ்ந்து மறுபடி உயர்ந்தன.

"அப்படித்தானேம்மா என்னை வளர்த்த?" என்றாள்.

உண்மைதான். முதல் மிட்டாயை அடுத்த பிள்ளைக்குக் கொடு என்று சொன்னவள் நான். கேட்டு வாங்காதே, கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல், யாருக்கும் பாரமாக இருக்காதே. நல்ல பெண் என்று ஊரே சொன்னபோது பெருமைப்பட்டவள் நான். அந்த நல்ல பெண் இப்போது என் எதிரில் மஞ்சள் பூத்த முகத்தோடு, என்னைத் தேற்றுகிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்கு நீ வேணும்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் எதையும் வைக்கவில்லை.

அவள் சிரிப்பு நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் இருக்கணும்மா," என்றாள். "எனக்குச் சாகப் பிடிக்கலை. கொஞ்சம்கூடப் பிடிக்கலை."

நோய் வந்த நாளிலிருந்து அவள் இப்படி ஒன்றைச் சொன்னதே இல்லை. நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் விடுவித்துக்கொண்டு முகத்தைத் துடைத்தாள். அவள் பேசியபோது எனக்குப் புதிதாக ஒரு பெண் பேசுவது மாதிரி இருந்தது. நீ ஜாடை காட்டினாய், பிறகு உத்தரவு போட்டாய், நான் அவருக்கு வழி விட்டு ஒதுங்கினேன், இத்தனை நாளில் நம்மில் ஒருவர்கூட அவரைக் கேட்கவே இல்லையே அம்மா என்றாள்.

"ஃபோனைக் குடு," என்றாள்.

கொடுத்தேன். மடியில் வைத்து, இருவருக்கும் கேட்கிற மாதிரி போட்டாள். லயனல் எடுத்தான். பின்னால் அவன் வீட்டுக் கடிகாரமும் ரேடியோவும் கேட்டன.

"மாமா, நான் இமோ. அன்னிக்கு நான் சொன்னது உண்மைதான். நீங்க வேணாம்னு சொன்னா நான் தப்பா நினைக்க மாட்டேன். ஆனா அன்னிக்கு நான் உங்களைக் கேக்கலை. இப்ப கேக்கறேன். எனக்குச் சாகறதுக்குப் பயமா இருக்கு. உங்க கிட்னில ஒண்ணை எனக்குத் தர்றீங்களா?"

ரேடியோ நின்றது. அவன் மூச்சு கேட்டது. அந்த இடைவெளியில் அவன் எடுத்து வீசக்கூடிய எல்லாச் சொற்றொடரும் எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் பாடம் நடத்தியவள் நான். முடிந்திருந்தால் கட்டாயம் தந்திருப்பேன். யோசித்துப் பார்க்கலாம். டாக்டர்களே கூடாது என்று சொல்லியிருக்கக்கூடும். ஒவ்வொன்றாக வரும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தேன். அவன் எதையும் எடுக்கவில்லை.

"இல்லடா கண்ணு," என்றான். குரல் உடைந்துபோயிருந்தது. "நான் தரமாட்டேன். உள்ள போனா வெளிய வரமாட்டேன்னு எனக்கு ஒரு பயம். என் உடம்புல ஒரு கோளாறும் இல்லை. பயம்தான்."

இமோஜென் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி மாமா," என்றாள். "நேரா சொன்னதுக்கு நன்றி." பிறகு, "நாளைக்குச் சாப்பாட்டுக்கு வருவீங்கல்ல?"

"வருவேன்," என்றான்.

ஃபோனை அணைத்தாள். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எங்கள் வீட்டில் அழுகிற மாதிரி, கைக்குட்டைக்குள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அல்ல. வாய்விட்டு, அந்தப் பெரிய அறை முழுவதும் கேட்கும்படி. செய்தித்தாள்கள் எல்லாம் மரியாதையாக முகத்துக்கு நேரே உயர்ந்தன. நர்ஸ் ஓடிவந்து, ஏதாவது வேண்டுமா என்று என் காதில் மெதுவாகக் கேட்டாள். வேண்டாம், அவள் அழட்டும் என்றேன். காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் எங்கேயோ கிடக்கிறது. வேறு யாரும் இல்லை. எனக்கு அவளிடம் சொல்ல ஒரு பொய்கூட மிச்சம் இல்லை.

"கேட்டேன்லம்மா?" என்றாள், விம்மல்களுக்கு நடுவில்.

"கேட்டடா," என்றேன். "நல்லா கேட்ட."